நிச்சயத்தை முறித்த பெண்ணும் 972-ஆம் பிரிவும்

1930 டிசம்பரில் சீனக் குடியரசு தன் சிவில் சட்டத் தொகுப்பின் குடும்பப் பகுதியை வெளியிட்டது. அதில் 972-ஆம் பிரிவு ஒரே வரி: திருமண நிச்சயத்தை ஆணும் பெண்ணும் தாங்களே செய்துகொள்ள வேண்டும். மூன்று பிரிவு தள்ளி வரும் 975 அதைவிடச் சின்னது. நிச்சயம் ஆகிவிட்டதே என்று காட்டி, கல்யாணத்தை நடத்தியே ஆக வேண்டும் என்று யாரும் வழக்குப் போட முடியாது.

இவ்வளவுதானா என்று தோன்றும். முதலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்தச் சட்டத்தை எழுதுவதற்கு 1929 தொடக்கத்தில் போட்ட ஐவர் குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தார். அவர் பதின்பருவம் தொடங்கும் வயதில், பெரியவர்கள் தனக்குச் செய்து வைத்த நிச்சயத்தைத் தானே கடிதம் எழுதி முறித்தவர் என்று தெரிந்த பிறகு, அந்த இரண்டு வரிகளையும் திரும்பப் போய்ப் படித்தேன்.

அவர் பெயர் ஜெங் யூஷியூ. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவரை சூமே ட்செங் என்று அறிவார்கள். சீனாவின் முதல் பெண் வக்கீல், முதல் பெண் நீதிபதி என்று பாடப்புத்தக பாணியில் சொல்வதுண்டு. அதற்கு முன்னால் வெடிகுண்டு கடத்தியவர். அவர் கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைப் புரிந்துகொள்ளப் பார்ப்போம். சட்டம் ஒரு பெண்ணை ‘ஆளாக’க் கணக்கெடுக்கிறது என்றால் என்ன அர்த்தம்? இதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சீன வரலாறு தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

நிலத்தைக் கேட்டா விற்கிறோம்?

சிங் வம்சம் 1644 முதல் 1912 வரை சீனாவை ஆண்டது. அதன் சட்டப்படி கல்யாணம் இரண்டு வீடுகளுக்கு நடுவே நடக்கும் காரியம். தரகர் வருவார். பிறந்த நேரக் குறிப்புகள் கைமாறும். திருமணக் கடிதம் எழுதுவார்கள், பரிசப் பொருள் போகும். பொறுப்பேற்பவர்கள் இரண்டு குடும்பத் தலைவர்கள். பையனும் பெண்ணும் ஒப்பந்தக்காரர்கள் இல்லை. ஒப்பந்தமே அவர்களைப் பற்றியது, அவ்வளவுதான். ஒரு நிலத்தை விற்கும்போது விற்பவர் இருக்கிறார், வாங்குபவர் இருக்கிறார், நடுவில் தரகர் இருக்கிறார். நிலத்தை யாரும் கேட்பதில்லை. அந்த மாதிரி.

கடிதத்தையோ பரிசத்தையோ ஏற்றுக்கொண்ட பிறகு பெண் வீட்டார் பின்வாங்கினால், குடும்பத் தலைவருக்கு 50 மூங்கில் அடி. வேறு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டால் 70. அங்கே கல்யாணமே முடிந்திருந்தால் 80. பையன் வீட்டார் பின்வாங்கினாலும் அதே தண்டனை. கொடுத்த பரிசமும் திரும்ப வராது. அடியின் கணக்கைவிட, அடி யாருக்கு என்பதைப் பாருங்கள். அது அப்பாவுக்கு. பெண்ணுக்கு இல்லை. குற்றவாளியாக நிற்பதற்குக்கூட அவள் அந்தக் கணக்கில் வரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு? புருஷன் மனைவியை விலக்க ஏழு காரணங்கள் உண்டு. ஆண் குழந்தை இல்லாதது, ஒழுக்கம் தவறியது, மாமனார் மாமியாருக்கு அடங்காதது, வாய் அதிகம், திருட்டு, பொறாமை, தீராத நோய். பொறாமை என்றால் பெரும்பாலும் புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்குக் கொண்டுவரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. இந்த ஏழுக்கும் மூன்று விலக்குகள் இருந்தன. மாமனார் மாமியார் செத்தபோது புருஷனோடு சேர்ந்து மூன்று வருடத் துக்கம் காத்தவளை விலக்கக் கூடாது. வீடு ஏழையாக இருந்தபோது வந்து, பிறகு வீடு செழித்திருந்தால் விலக்கக் கூடாது. திரும்பிப் போக ஓர் இடம் இல்லாதவளை விலக்கக் கூடாது. மூன்றாவதைப் படிக்கும்போது அந்தப் பழைய சட்டக்காரர்கள் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். அவர்களும் யோசித்திருக்கிறார்கள், அவர்களுக்கு எட்டிய அளவுக்கு. ஆனால் மனைவி புருஷனை விலக்க இப்படி ஒரு பட்டியல் எங்கேயும் இல்லை.

1912 பிப்ரவரியில் கடைசிப் பேரரசர் பதவி விலகினார். சட்டம் அவரோடு போகவில்லை. புதிய குடியரசிடம் சொந்தமாக ஒரு சிவில் சட்டம் இல்லாததால், பழைய தொகுப்பின் சிவில் பகுதிகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அப்படியே பதினேழு, பதினெட்டு வருடம் ஓடியது. 1920-களின் ஷாங்காயில் மோட்டார் கார் ஓடுகிறது, சினிமாக் கொட்டகை நிறைகிறது, பெண்கள் முடியை வெட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார்கள். குடும்பச் சட்டம் மட்டும் போன வம்சத்துடையது.

கடிதம்

ஜெங் 1891-இல் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்தார். குடும்பம் வசதியானது. அப்பா பீஜிங்கில் நிதித் துறை அதிகாரி. பெண் குழந்தைகளுக்குக் காலைக் கட்டி வளரவிடாமல் செய்யும் வழக்கம் அப்போது அங்கே உண்டு. சின்ன வயதிலேயே கட்டை அவிழ்த்துப் போட்டு அழுது அடம் பிடித்துத் தப்பினாராம். பாட்டி பார்த்து நிச்சயம் செய்த மாப்பிள்ளை, ஒரு பெரிய மாகாண அதிகாரியின் மகன். தனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அந்தப் பையனுக்கே நேரடியாக எழுதிவிட்டார். நிச்சயத்தை முறிப்பதே அவமானம், அதையும் பெண்ணே எழுதுவது அதைவிட. வீட்டில் நடந்த கலவரத்தை நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் தியான்ஜின் நகரில் மிஷனரிகள் நடத்திய பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதில் பெரும்பகுதி அவரே 1943-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளிலும் அதற்கு முன் வந்த நூல்களிலும் சொன்னது. நல்ல கதைசொல்லி அவர். அதனாலேயே கொஞ்சம் கழித்துக் கேட்பது நல்லது. ஆனால் கடிதம் எழுதியதைக் கழிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். பிற்பாடு அவர் வாழ்ந்த விதத்தோடு அது ஒத்துப்போகிறது.

இதைச் சட்டத்தின் கண்ணால் பாருங்கள். அந்தக் கடிதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. ஒப்பந்தத்தில் இல்லாத ஒருத்தி எப்படி ஒப்பந்தத்தை முறிப்பாள்? நிலம் எழுந்து நின்று ‘என்னை விற்காதே’ என்று சொன்ன மாதிரிதான்.

விட்டுப்போன சொல், சேர்ந்துகொண்ட சொல்

அப்புறம் புரட்சி. ஜப்பானுக்குப் போன ஜெங், புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் 1905-இல் டோக்கியோவில் தொடங்கிய தோங்மெங்ஹுய் என்ற ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். பேரரசைக் கவிழ்ப்பதுதான் அதன் நோக்கம். ஊர் திரும்பிய பிறகு அவருக்குக் கிடைத்த வேலை தியான்ஜினிலிருந்து பீஜிங்குக்கு வெடிகுண்டு கொண்டுபோவது. பெரிய வீட்டுப் பெண், நல்ல உடை, கையில் பெட்டி, யார் சந்தேகப்படுவார்கள்? 1912 ஜனவரி 16 அன்று பீஜிங் அரண்மனையின் கிழக்கு வாசல் பக்கம் பிரதமர் யுவான் ஷிகாய் வண்டி மேல் குண்டு வீசினார்கள். அவர் தப்பிவிட்டார், மூன்று இளைஞர்களுக்கு மரண தண்டனை. பத்து நாள் கழித்து லியாங்பி என்ற அரச வம்சத்து ராணுவ அதிகாரியின் வீட்டு வாசலில் இன்னொரு குண்டு. வீசியவர் அங்கேயே செத்தார், லியாங்பி அந்தக் காயத்தில் இறந்தார். இந்தக் குழுக்களோடுதான் ஜெங் வேலை செய்தார். குண்டைப் பற்றி அவர் எழுதும்போது பெருமைதான் தெரிகிறது. அதை நான் ரசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நகர்கிறேன்.

என் கவனம் போவது அதற்கு இரண்டே மாதம் கழித்து வந்த ஒரு காகிதத்துக்கு. 1912 மார்ச்சில் குடியரசின் தற்காலிக அரசியலமைப்பு வெளியானது. மக்கள் எல்லாரும் சமம். இனம், வர்க்கம், மதம் என்ற வேற்றுமை கிடையாது என்றது அதன் 5-ஆம் பிரிவு. எண்ணிப் பாருங்கள்: இனம், வர்க்கம், மதம். பால் என்ற சொல் இல்லை. ஆயுதம் தூக்கிய பெண்களுக்கு ஓட்டும் இல்லை. தாங் சுன்யிங் என்பவர் தலைமையில் பெண்கள் நான்ஜிங்கில் இருந்த நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள். சொல் அப்போது சேரவில்லை.

அதே வருடம் வக்கீல்களுக்கான தற்காலிக விதிகள் வந்தன. வக்கீலாக வேண்டுமானால் குடியரசின் குடிமகனாக இருக்க வேண்டும், 20 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். அரசியலமைப்பில் சேர்க்க மறந்த விஷயத்தை இங்கே மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பெண்ணை ஆளாகக் கணக்கெடுப்பது என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது. ஒரு சொல் விட்டுப்போகும். இன்னொரு இடத்தில் ஒரு சொல் வந்து உட்காரும். மேடையில் பேசுகிறவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

ரோஜாக் கிளை

பேரரசின் பிரதமராக இருந்த யுவான் ஷிகாயின் கை குடியரசிலும் ஓங்கியது. புரட்சிக்காரர்களைத் தேட ஆரம்பித்தார்கள். ஜெங் பிரான்சுக்குப் போனார், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1920-களின் நடுவில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வின் பொருள் சீனாவின் அரசியலமைப்பு இயக்கம்.

அவரைப் பற்றி யார் எழுதினாலும் விடாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. நானும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் சீனா நேச நாடுகள் பக்கம். சுமார் 1,40,000 சீனத் தொழிலாளர்கள் பிரான்சில் போர்முனைக்குப் பின்னால் பதுங்குகுழி வெட்டினார்கள், சரக்கு இறக்கினார்கள். போர் முடிந்ததும், ஜெர்மனியிடம் இருந்த ஷாண்டோங் மாகாண உரிமைகள் தங்களுக்குத் திரும்பும் என்று சீனர்கள் நம்பினார்கள். வெர்சாய் ஒப்பந்தம் அவற்றை ஜப்பானுக்குக் கொடுத்தது. 1919 மே 4 அன்று பீஜிங் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பாரிஸில் இருந்த சீனத் தூதுக்குழு கையெழுத்துப் போடுமா போடாதா என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஜெங் அப்போது தூதுக்குழுவோடு வேலை செய்துகொண்டிருந்தார். ஜூன் 27 இரவு, வெளியுறவு அமைச்சர் லூ ஜெங்ஷியாங் தங்கியிருந்த செயின்ட் குளூ வீட்டைச் சீன மாணவர்களும் தொழிலாளர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஜெங் தோட்டத்தில் இருந்த ரோஜாச் செடியில் ஒரு கிளையை ஒடித்துக் கை மடிப்புக்குள் வைத்து, துப்பாக்கி முனை மாதிரி நீட்டிக்கொண்டு எதிரே நின்றாராம். அவர் மிரட்டியது அமைச்சரையா, அமைச்சரின் செயலாளரையா என்பதில் கதைகள் வேறுபடுகின்றன. மறுநாள் வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் சீனாவுக்குப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன என்பதில் வேறுபாடு இல்லை.

ஒரு ரோஜாக் கிளைதான் சீனாவைக் கையெழுத்துப் போடவிடாமல் செய்தது என்று சொல்வது மிகை. தூதுக்குழுவிலேயே போடக் கூடாது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். பீஜிங் அரசே தடுமாறிக்கொண்டிருந்தது. ஆனால் கதை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், மறுக்க மாட்டேன்.

அந்நியரின் ஓட்டை வழியாக

1926-இல் ஜெங் ஷாங்காயில் வக்கீல் அலுவலகம் திறந்தார். கூட்டாளி வெய் தாவ்மிங், அவரும் பாரிஸில் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அடுத்த வருடம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இந்த நிச்சயத்தைப் பாட்டி செய்யவில்லை.

வக்கீல் ஆணாக இருக்க வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்ததே, எப்படித் திறந்தார்? இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும், கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகிறேன்.

1840-களில் தொடங்கி சீனா தோற்ற போர்களுக்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களில் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் முதலிய நாடுகள் ஒரு சலுகை வாங்கின: சீன மண்ணில் இருக்கும் தங்கள் குடிமக்களைச் சீன நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது. ஓர் அமெரிக்கர் ஷாங்காயில் ஒரு ரிக்‌ஷாக்காரரை அடித்தால், வழக்கு ஷாங்காயில் இருந்த அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு மேல், நகரத்தின் பெரிய பகுதிகளையே அந்நியர் நிர்வகித்தார்கள். 1849 முதல் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. அங்கே பிரெஞ்சு போலீஸ், பிரெஞ்சு நகராட்சி. உள்ளூர்ச் சீனர்கள் மேல் வழக்கு வந்தால் சீன நடுவரும் பிரெஞ்சு அதிகாரியும் சேர்ந்து உட்காரும் கலப்பு நீதிமன்றம் விசாரிக்கும்.

ஜெங் மாதிரியான தேசியவாதிகளுக்கு இது தினம் தினம் குத்தும் அவமானம். ஆனால் அந்தப் பிரெஞ்சுப் பகுதியில் பாரிஸ் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. அங்கே ‘ஆணாக இருக்க வேண்டும்’ என்ற சீன விதி வழிமறிக்கவில்லை. பிரான்சில் 1900-இல் போட்ட சட்டப்படி பெண்கள் வக்கீலாகலாம். ஆக, அந்நிய ஆதிக்கத்தை ஒழிக்கக் குண்டு சுமந்த பெண், அந்நிய ஆதிக்கம் போட்ட ஓட்டை வழியாகத்தான் வக்கீல் தொழிலுக்குள் நுழைந்தார். அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ரோஜாக் கிளையைவிட இந்த வக்கீல் அலுவலகத்தில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது. கொள்கையில் உறுதியானவர் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாத ஒரு ஆள் இங்கே தெரிகிறார்.

1927 ஜூலையில் தேசியவாதக் கட்சியின் நான்ஜிங் அரசு புதிய வக்கீல் விதிகளைப் போட்டது. ‘ஆண்’ என்ற சொல் எடுபட்டுவிட்டது. அதன் பிறகு வந்த பெண்களுக்கு ஓட்டை தேவைப்படவில்லை. அதே வருடம் ஜெங் ஷாங்காயில் ஒரு நீதிமன்றத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். இதிலும் ஒரு வேடிக்கை. அவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்த பிரான்சில் பெண்கள் நீதிபதியாக முடிந்தது 1946-இல்தான். பட்டம் கொடுத்த நாட்டில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது.

சொத்து

சட்டம் மாறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னால் நிலைமை பிடிபடும். இது ஜெங்கின் வழக்கு இல்லை. ஷெங் ஷுவான்ஹுவாய் என்பவர் சிங் காலத்துப் பெரும் பணக்காரர். கப்பல், தந்தி, வங்கி என்று எதிலும் அவர் கை இருந்தது. அவர் செத்து வருடங்கள் கழித்துக் குடும்பச் சொத்தின் ஒரு பகுதியைப் பிரித்தபோது ஆண் வாரிசுகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1928-இல் மகள் ஷெங் ஐயி, கல்யாணம் ஆகாதவர், அண்ணன்மார் மேலேயே ஷாங்காயில் வழக்குப் போட்டார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை என்று தேசியவாதக் கட்சி 1926 மாநாட்டிலேயே தீர்மானம் போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். ஜெயித்தார்.

சரி, அப்போது எல்லா மகள்களுக்கும் பங்கு உண்டு என்று ஆகிவிட்டதா? இல்லை. அந்தக் கட்டத்தில் கல்யாணம் ஆகாத மகளுக்கு மட்டும்தான் என்று விளக்கம் சொன்னார்கள். கல்யாணமான மகள் வேறு வீட்டு ஆள். 1929-இல்தான் அவளும் சேர்ந்தாள். ‘ஆள்’ என்ற சொல்லே நம் பேச்சிலும் எப்படி விளையாடுகிறது பாருங்கள்: யாருடைய ஆள் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் ஆளா இல்லையா என்ற கேள்விக்கே வருகிறார்கள்.

ஐவர் குழு

புதிய சிவில் சட்டம் அரசுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. பெண்கள் மேல் இருந்த அக்கறை மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். ‘உங்கள் சட்டம் காட்டுமிராண்டித்தனமானது, அதனால்தான் எங்கள் ஆட்களை அதன் கீழ் விட மாட்டோம்’ என்பது மேலைநாடுகளின் வாதம். சட்டத்தைச் சீர்திருத்தினால் சலுகையை விட்டுக்கொடுப்போம் என்று பிரிட்டன் 1902-இலேயே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. எனவே நவீனச் சட்டம் என்பது மானப் பிரச்சினை.

1929 தொடக்கத்தில் அமைந்த குழுவில் ஃபு பிங்சாங், ஜியாவ் யீதாங், ஷி ஷாங்குவான், லின் பின் ஆகியோரோடு ஜெங். பிறகு குழுவில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். அதனால் 972-ஆம் பிரிவை அவரே உட்கார்ந்து எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஜெர்மன், சுவிஸ், ஜப்பானியச் சட்டங்களைப் பார்த்து வேகமாக எழுதப்பட்ட தொகுப்பு அது. பகுதி பகுதியாக வெளியாகி, குடும்பமும் வாரிசுரிமையும் 1931 மே 5 அன்று நடைமுறைக்கு வந்தன.

அதில் என்ன மாறியது? நிச்சயத்தைப் பையனும் பெண்ணும் செய்ய வேண்டும், கட்டாயப்படுத்த முடியாது. கல்யாணத்துக்கு ஆணுக்கு 18, பெண்ணுக்கு 16 வயது. வாரிசு என்றால் முதலில் சொந்தச் சந்ததி. மகன் என்றும் மகள் என்றும் பிரிக்கவில்லை, கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்றும் பிரிக்கவில்லை. விவாகரத்துக்குப் பத்துக் காரணங்கள், இரண்டு பக்கத்துக்கும் அதே பத்து. பழைய ஏழும் போயிற்று. வாய் அதிகம் என்று இனி யாரையும் துரத்த முடியாது.

மாறாததையும் பாருங்கள். மனைவி தன் பெயருக்கு முன்னால் புருஷன் குடும்பப் பெயரைச் சேர்க்க வேண்டும், வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய. மனைவியின் இருப்பிடம் புருஷனின் இருப்பிடம். இருவரும் சம்மதித்துப் பிரிந்தால், வேறு பேச்சு இல்லாதவரை குழந்தை அப்பாவிடம்.

வைப்பாட்டி விஷயம் இன்னும் சுவாரசியம். வசதியான வீடுகளில் இரண்டாவது, மூன்றாவது என்று பெண்களை வைத்துக்கொள்வது பரவலாக இருந்தது. சட்டம் எழுதியவர்களின் சக அதிகாரிகளிலேயே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். தொகுப்பு அந்த வார்த்தையையே எடுக்கவில்லை. மனைவி இருக்கும்போது மறுமணம் கூடாது என்றது. ஆனால் வைப்பாட்டியைக் கொண்டுவருவது சட்டப்படி திருமணமே இல்லை என்பதால் அது மறுமணமும் இல்லை. புருஷன் இன்னொருத்தியோடு உறவு வைத்தால் மனைவி விவாகரத்துக் கேட்கலாம். ஆனால் முன்பே சம்மதித்திருந்தாலோ, பிறகு மன்னித்திருந்தாலோ, தெரிந்து ஆறு மாதம் சும்மா இருந்திருந்தாலோ கேட்க முடியாது என்கிறது 1053-ஆம் பிரிவு. காலம் காலமாகப் பேசாமல் இருக்கப் பழக்கப்பட்ட பெண்களுக்கு ஆறு மாதம் பேசாமல் இருப்பது பெரிய காரியமா? இந்த இடத்தில் பாதிக் கதவைத் திறந்துவிட்டுத் தாழ்ப்பாளையும் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

கிராமங்களில் இந்தத் தொகுப்பு வந்ததே பலருக்குத் தெரியாது. தரகரும் பரிசமும் வழக்கம்போல நடந்தன. நீதிமன்றம் வரை போக முடிந்தவர்கள் ஷாங்காய், பீஜிங் போன்ற நகரத்துக்காரர்கள்தான்.

பிறகு

ஜெங்கின் பிந்தைய வாழ்க்கை அவ்வளவு ஒளியாக இல்லை. ஷாங்காயில் ஒரு சட்டக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1930-களில் அவர் மேல் ஊழல் குற்றச்சாட்டு எழுந்து, அவர் பெயர் நன்றாகவே அடிபட்டது. கணவர் வெய் தாவ்மிங் 1942-இல் அமெரிக்காவுக்குத் தூதராகப் போனார். 1943 ஜனவரி 11 அன்று வாஷிங்டனில், தன் குடிமக்களைச் சீன நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற நூறு வருடச் சலுகையை அமெரிக்கா கைவிடும் ஒப்பந்தத்தில் சீனாவின் சார்பில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். மனைவி வக்கீலாக நுழைந்த ஓட்டையைக் கணவர் அடைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு வெய் தைவான் மாகாணத்தின் முதல் ஆளுநரானார். ஜெங் 1959-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார்.

சீனப் பெருநிலத்தில் கம்யூனிஸ்டுகள் 1949-இல் தேசியவாதிகளின் சட்டங்களை மொத்தமாகத் தள்ளிவிட்டு, அடுத்த வருடமே தங்கள் சொந்தத் திருமணச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த அரசின் முதல் நீதி அமைச்சர் ஷி லியாங், அவரும் ஷாங்காய் பெண் வக்கீல்தான். 1930-ஆம் வருடத் தொகுப்பு, தேசியவாதிகள் பின்வாங்கிப் போன தைவானில் தொடர்ந்தது. பெயர், இருப்பிடம், குழந்தை பற்றிய அந்தப் பழைய பிரிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். 2023-இலிருந்து திருமண வயது இருவருக்கும் 18.

972-இல் கை வைக்கவில்லை. 2017 மே 24 அன்று தைவானின் அரசியலமைப்பு நீதிபதிகள், ஒரே பாலினத்தவர் கல்யாணம் செய்துகொள்ள வழி இல்லாதது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொன்னார்கள். சட்டம் எந்த இடத்தில் அந்த வழியை அடைக்கிறது என்று காட்ட அவர்கள் எடுத்துப் படித்த பிரிவுகளில் ஒன்று 972. ‘ஆணும் பெண்ணும் தாங்களே’ என்ற வரியில் 1930-இல் எல்லாரும் பார்த்த சொல் ‘தாங்களே’. இப்போது வழக்கு ‘ஆணும் பெண்ணும்’ என்ற சொற்களில் வந்து நின்றது. 2018-இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. சிவில் சட்டத்தில் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும் என்று பெரும்பான்மையினர் ஓட்டுப் போட்டார்கள். அதனால் 2019 மே மாதம் தனியாக ஒரு சட்டம் போட்டு அனுமதித்தார்கள். பழைய வரி அதன் இடத்தில் அப்படியே இருக்கிறது.